நவநீதகிருஷ்ணன் யார்மேல் பொறாமைப்பட்டான்

திருச்செங்கோட்டு மலையில் அறுபதாம் படி என்று ஒன்று உண்டு. அந்தப் படியில் நின்று சொன்ன சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் சொல்லப்போகும் சங்கதியில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று அங்கே நின்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய எனக்கு ஒரு தடையும் இல்லை. முழங்கால் ஒன்றுதான் தடை. ஆகவே எங்கள் வீட்டு வாசல் கல்லிலேயே ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்து அணைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பார்த்தது பார்த்தபடி, கேட்டது கேட்டபடி. கூட்டுவதும் குறைப்பதும் என் வழக்கமில்லை.

நவநீதகிருஷ்ணன் எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டுக்காரன். வயது நாற்பத்தாறு. ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடுகிற டிரில்லர். வருடத்தில் எட்டு மாதம் சத்தீஸ்கர் பக்கம் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். இங்கே அவன் மனைவி மைதிலி நாலாயிரம் கோழி உள்ள முட்டைப் பண்ணையைத் தனியாளாகப் பார்த்துக்கொள்வாள். அவள் அசல் இல்லை, சொந்தம்தான். அவனுடைய தாய்மாமன் மகள், மோகனூர்க்காரி. வீட்டில் மூன்றாவது ஆள் அவன் தாய் ஆத்தாயி.

நவநீதனுக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே பொறாமை வந்துவிட்டது. டெய்லர் அளவெடுக்கக் கூடாது என்று தையல் மிஷின் வாங்கி, அவனே உட்கார்ந்து ஒரு ரவிக்கை தைத்தான். அதை மைதிலி தீவன மூட்டைக்கு வாய் கட்டப் பயன்படுத்தினாள். டிவியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னபோது அவள் தன்னையறியாமல் தலையை ஆட்டிவிட்டாள். ஒன்றரை வருடம் அந்த டிவி சுவரைப் பார்த்தபடி இருந்தது. தேர்த் திருவிழாவில் கிளிஜோசியக்காரனின் கிளி அவளுக்கு இரண்டு சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டது என்று கிளியை ஒரு பார்வை பார்த்தான். அது அதற்கப்புறம் எந்தப் பெண்ணுக்கும் சீட்டு எடுக்கவில்லை. முட்டைப் பண்ணையில் சேவல் வளர்க்க வேண்டியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு நிம்மதி.

கை நீட்டியது கிடையாது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் சத்தீஸ்கரிலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவை போன் வரும். எடுக்கத் தாமதமானால் ஏன் என்று கேட்பான். உடனே எடுத்தால் யார் போனை எதிர்பார்த்துக் கையிலேயே வைத்திருந்தாய் என்று கேட்பான். இரண்டு போனை உடைத்திருக்கிறான். மைதிலி சொந்தம், உறம்பரை வீட்டு விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்தாள். வாய்விட்டுப் பேசுவதைக் குறைத்தாள். கடைசியில் சிரிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

போன ஆடியில் ஒரு நாள் தப்பித் தவறி அவள் சிரித்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

பண்ணையில் திருட்டுப் போகிறது என்று சொல்லி நவநீதன் கேமரா வைத்திருந்தான். படம் சத்தீஸ்கரில் அவன் போனில் தெரியும், சத்தம் கேட்காது. அன்றைக்கு முட்டை லாரி டிரைவர் மாதையன் வந்திருந்தார். வயது அறுபத்து மூன்று. கண்புரைக்கு அறுவை செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவர். ஆடிக்காற்று தூக்கியடித்ததில் லாரிமேல் வைத்த ஓர் அட்டை, முப்பது முட்டை, நேராக அவர் தலையில் கவிழ்ந்தது. கண்ணாடிமேல் மஞ்சள் கரு வழிய அவர், "அம்மிணி, பொழுது உளுந்துருச்சா?" என்று கேட்டிருக்கிறார். மைதிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சத்தீஸ்கரில் நவநீதன் ஐந்நூற்று நாற்பது அடியில் இருந்தான். ராடு உள்ளே, கம்ப்ரஸர் ஓடுகிறது. போனைப் பார்த்தவன் அப்படியே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரயிலேறிவிட்டான். மூன்று ரயில் மாறி வந்தான். மேலெல்லாம் அப்பியிருந்த பாறைச்சேறு வழியில் காய்ந்து இறுகிவிட்டது. ஈரோட்டில் ஒரு அம்மாள் சிலை என்று நினைத்துக் காலடியில் பூ வைத்தாளாம். அவன் வீடு வந்து சேர்ந்தபின் உளியும் சுத்தியலுமாக அந்தச் சேற்றைத் தட்டி உதிர்த்தவன் நான்தான். வாய்ப்பக்கம் உதிர்ந்ததும் முதல் வார்த்தை வந்தது.

"அவனெங்க?"

"எவனுங்க மாமா?" என்றாள் மைதிலி. அவள் கையில் முட்டை அட்டை இருந்தது.

"நீ பாத்துச் சிரிச்சயே, அவன்."

"மாதையண்ணனா? அவரு தலைல முப்பது முட்ட ஒடஞ்சு போச்சுங்க. அதைப் பாத்துட்டு அழுவாங்களா?"

"எம்பட முன்னால என்னைக்காச்சும் அப்படிச் சிரிச்சிருக்கறயா நீ?"

"நீங்க முன்னால நின்னா எங்கீங்க சிரிப்பு வருது?"

அட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. மைதிலிக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"நல்லாக் கேட்டுக்குங்க. நாங்க பத்தாவது படிச்சவங்கெல்லாம் சேந்து வாட்சப்புல குரூப் வெச்சிருக்கறோம். வர்ற மே மாசம் எட்டாந்தேதி மோகனூர்ப் பள்ளிக்கூடத்துல எல்லாரும் கூடறோம். ஆம்பளையும் வருவாங்க, பொம்பளையும் வருவாங்க. நா போவேன். போயிட்டு வாரதா, போனது போனதுதானாங்கறது உங்க கையில இருக்குது. அன்னைக்கு ஏதாச்சும் பொல்லாப்புப் பண்ணுனீங்கன்னா எங்கண்ணன் ஊட்டுலயே இருந்துக்குவேன். இருவத்தொரு வருசம் பாத்தாச்சு."

"ஆத்தா, கேட்டயா இவ பேசறத?" என்று நவநீதன் தாயைப் பார்த்தான்.

பச்சைப்பயிறு புடைத்துக்கொண்டிருந்த ஆத்தாயி தலை நிமிராமல், "அவ போனா நானும் அவகூடப் போயிருவேன். கோழிக்குத் தீவனம் வெய்க்கப் பழகிக்க" என்றாள்.

அதே வாரம் கோழிகளுக்கு ஊசி போட வந்த கால்நடை டாக்டரை மைதிலி தனியாகக் கேட்டாள். "கூண்டுக்குள்ள ஒண்ணையொண்ணு கொத்திக்குதுன்னா மூக்க வெட்டச் சொல்றீங்க. எங்க ஊட்டுல ஒண்ணு தன்னையும் கொத்திக்குது, என்னையும் கொத்துது. அதுக்கு வைத்தியம் இருக்குதுங்களா?" டாக்டர் சிரிக்காமல் யோசித்து, சேலத்தில் மனநல ஆலோசகர் கௌசியா என்று ஒருவரின் நம்பரைக் கொடுத்தார்.

மைதிலி வைத்த கெடுவுக்குப் பயந்து, சத்தீஸ்கருக்குத் திரும்பாமல், வியாழக்கிழமை தோறும் நவநீதன் சேலம் போனான். துணைக்கு நான். கௌசியாவின் அறை ஒரு தையல் மிஷின் ரிப்பேர் கடைக்கு மேல் மாடியில். கதவு பிளைவுட். வெளியே பெஞ்சில் தட்டுவடை செட்டைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்கும். தட்டுவடையை நான் சத்தமில்லாமல் மெல்லுவேன்.

முதல் நாள் உள்ளே போனதும் அவன் சொன்னான்: "டாக்டரம்மா, மாத்திரை எழுதிக் குடுங்க. ஒம்போதரை பஸ்ஸப் புடிக்கோணும்."

"நான் டாக்டர் இல்லைங்கண்ணா. மாத்திரை எழுத மாட்டேன். நாம பேசணும்."

"எத்தன நாளைக்குங்க?"

"வாரம் ஒரு தடவை. ஒரு வருஷம் ஆகலாம்."

"ஒரு வருசமா? ஆயிரம் அடி போரு ஒரே நாள்ல போட்டுருவனுங்க நானு."

"நாப்பது வருஷப் பாறையா இருந்தா?"

"பிட்டு மாத்தோணும்" என்றான் யோசனையாக. பிட் என்பது பாறையைக் குடைகிற முனை.

எழுதிக் கொடுக்க ஒரு நீளமான தாள் வந்தது. ஒவ்வொரு வரிக்கும் ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர் போட வேண்டும். 'எனக்கு நெருக்கமானவர்கள் என்னை விட்டுப் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறேன்' என்ற வரிக்கு ஆறு போட்டுவிட்டு, "இதுக்கு மேல நம்பர் இல்லீங்களா?" என்று கேட்டான்.

இந்த வைத்தியத்துக்கு ஸ்கீமா தெரபி என்று பெயர் சொன்னார் கௌசியா. சின்ன வயதில் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போனால், உலகம் இப்படித்தான் என்று அது ஒன்றை முடிவு கட்டிக்கொள்ளும். அந்த முடிவுதான் ஸ்கீமா. பெரியவனான பிறகும் அந்த முடிவு வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்ப்பான். அப்போது அது பிள்ளையைக் காப்பாற்றியது. இப்போது மனுஷனைக் கெடுக்கிறது.

நவநீதன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்: "புரியுதுங்க. போரு போடறப்ப மேல மண்ணு சரியும். சரியாம இருக்கக் கேசிங் பைப்பு எறக்குவோம். பாறை வந்ததும் நிறுத்திக்கோணும். பாறைச் சந்துல இருந்துதான் தண்ணி வரும். பயந்துட்டு அடி வரைக்கும் பைப்ப எறக்கிட்டா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. என்ற விசயத்துல யாரோ அடி வரைக்கும் எறக்கிப்போட்டாங்க."

"யாரோ இல்லைங்கண்ணா. நீங்கதான். ஆறு வயசுலயோ ஏழு வயசுலயோ. உங்களுக்கு அப்ப வேற வழி தெரியல."

கௌசியா அவன் சொன்ன பைப்புக் கதையைத் தன் நோட்டில் எழுதிக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது. பேனா கீறுகிற சத்தம். என் காது அப்படி.

ஐப்பசி மழையில் ஒரு வியாழன். அறையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார். ஒன்றில் நவநீதன் நவநீதனாக உட்கார வேண்டும். இன்னொன்றில், அவனுக்குள்ளே இருந்து மைதிலியை உளவு பார்க்கிற காவல்காரனாக உட்கார வேண்டும். மூன்றாவது யாருக்கு என்று அப்போது சொல்லவில்லை. காவல்காரன் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவன் குரலே மாறிவிட்டது.

"நீங்க ஏன் இவரைத் தூங்க விட மாட்டேங்கறீங்க?" என்று கௌசியா அந்தக் காவல்காரனைக் கேட்டார்.

"நா இல்லீன்னா இவன் அம்போன்னு நிப்பானுங்க. அவ போறது கூடத் தெரியாம ஒக்காந்துட்டிருப்பான்."

"எப்ப இருந்து காவல் பாக்கறீங்க?"

"இவனுக்கு ஆறு வயசு இருக்கறப்ப இருந்துங்க."

"லீவு எடுத்ததே இல்லையா?"

"ஒரு நாளு கூட இல்லீங்க." அப்புறம் அந்தக் காவல்காரனே, "அசதியாத்தான் இருக்குது" என்றான்.

"உங்களைத் துரத்த மாட்டேன். ஆனா கொஞ்சம் உக்காந்துக்குங்க" என்றார் கௌசியா.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஆள் திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். கார்த்திகையில் மைதிலி குளிக்கப் போன நேரம் அவள் போனை எடுத்து நூற்றுப் பதினெட்டுச் செய்தியைப் படித்தான். பள்ளிக்கூடக் குரூப்பில் எவனோ ஒருவன் அவளுக்கு ரோஜாப்பூப் படம் போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தான். குரூப்பில் முப்பத்தேழு பேருக்கும் அதே ரோஜாப்பூதான் போயிருந்தது. நவநீதன் நாள் முழுதும் சாப்பிடவில்லை. மைதிலி காலண்டரில் மே எட்டாந்தேதியைப் பேனாவால் வட்டம் போட்டாள்.

அடுத்த வியாழன் உள்ளே போனதும் அழாக்குறையாக, "தோத்துட்டனுங்க. இனி வரலீங்க" என்றான்.

"தோக்கல. உங்களுக்குள்ள ஒரு ஆறு வயசுப் பையன் இருக்கான், அந்த மூணாவது நாற்காலி அவனுக்குத்தான், அவன் பயந்துட்டான். அவனை இன்னைக்குப் பாப்போமா? கண்ணை மூடிக்குங்க. ரோஜாப்பூவைப் பாத்ததும் அவங்க போயிருவாங்கன்னு பயந்தீங்களே. அதே மாதிரி முதல் தடவை எப்பப் பயந்தீங்க? தேட வேண்டாம். தானா வரும்."

 நான் தட்டுவடையை வாயில் வைத்தபடி மெல்லாமல் காத்திருந்தேன்.

"மோகனூருங்க" என்றான். "எங்க மாமன் ஊடு."

"நீங்க எங்க நிக்கறீங்க?"

"வாசப்படிக்கு வெளிய. ஆறு வயசு. எங்கப்பன் கையப் புடிச்சிருக்கறாரு. எங்கம்மா, சந்தைக்குப் போயிட்டு வாரேன், பொரி வாங்கியாரேன்னு சொல்லிட்டுப் போச்சுங்க. நா பஸ் ஸ்டாப்புலயே ஒக்காந்திருந்தேன். வரவேயில்ல. நாலு மாசம் கழிச்சு எங்கப்பன் இங்க கூட்டியாந்து காட்டறாரு. 'பாத்துக்கடா, உங்காத்தா இனி இங்கதான்'ங்கறாரு."

"அம்மா தெரியறாங்களா?"

"தெரியுதுங்க. நடு ஊட்டுல ஒக்காந்திருக்குது. மடில ஒரு கொழந்த. பருப்புஞ்சோறு பெசஞ்சு ஊட்டிட்டு இருக்குது. எனக்கு அப்படித்தான் ஊட்டும். அதே கிண்ணமுங்க. அந்தக் கொழந்த என்னையப் பாத்துச் சிரிக்குது. வாயெல்லாம் சோறு."

"யாரு அந்தக் குழந்தை?"

 நாற்காலி கிறீச்சிட்டது.

"டாக்டரம்மா" என்றான். "அது மைதிலிங்க."

நான் தட்டுவடையைக் கடித்துவிட்டேன். இருபத்தொரு வருடமாக டெய்லரிலிருந்து கிளி வரைக்கும் எல்லாரையும் சந்தேகப்பட்டவன் கடைசியில் பிடித்த ஆள், ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. அவனுக்கு மற்றவர்கள்மேல் பொறாமையே இல்லை. பொண்டாட்டிமேலேயே பொறாமை.

கௌசியா அவசரப்படவில்லை. "இப்ப அந்தப் படத்துக்குள்ள நாப்பத்தாறு வயசு நவநீதன் போகட்டும். எப்படிப் போறீங்க?"

"ரிக் வண்டியிலங்க."

"சரி."

"சந்து பத்தலீங்க. மாமன் ஊட்டுச் செவுரு கொஞ்சம் இடிஞ்சு போச்சு."

"பரவால்ல. உங்க மனசுதானே. எறங்கிப் போய் அந்தப் பையன்கிட்ட என்ன பண்ணுவீங்க?"

"தூக்கிக்கறனுங்க. சவலையா இருக்கறான். தூக்கிக் கேபின்ல ஒக்கார வெக்கறேன். ஹாரன் அடிக்கச் சொல்றேன். அடிக்கறான்." கொஞ்சம் நிறுத்தினான். "அம்மா வருமாங்கறான்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"வரும் சாமி. இன்னும் ரெண்டு நோம்பி பண்டிகை போவட்டும், வரும். அது வரைக்கும் நா இருக்கறேன். நா எங்கயும் போவமாட்டேன். பொரி நா வாங்கித்தாரேன்."

அதற்கப்புறம் அழுதான். கீழே ரிப்பேர் கடையில் ஓடிக்கொண்டிருந்த ஏழு தையல் மிஷினும் நின்றுவிட்டன. பஜாரில் பேச்சு நின்றது. அன்றைக்கு அந்தத் தெருவில் மழையும் கொஞ்ச நேரம் நின்றதாக ஒரு கடைக்காரர் சொன்னார். மழை விஷயம் மட்டும் நான் நேரில் பார்க்கவில்லை.

வீட்டில் செய்யச் சொல்லி ஒரு வேலை கொடுத்தார் கௌசியா. ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதில் அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, ஆறு வயதில் சொல்ல முடியாததைச் சொல்ல வேண்டும். நிஜ அம்மாவிடம் சொல்லத் தேவையில்லை, அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு இல்லை இது என்றும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மார்கழிப் பனி. சாயங்கால முட்டையை எடுத்து முடித்துவிட்டு நவநீதன் பண்ணைக் களத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டான். எதிரே குந்தினான். நான் வேலிக்கு இந்தப் பக்கம் அவரைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நவநீதன் கண்ணை மூடி, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான்.

"அம்மா. சந்தைக்குன்னு சொல்லிட்டு ஏம் போனே?"

அந்த நேரம் பார்த்து ஆத்தாயி மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்தபடி வந்தாள். களத்தில் நாற்காலி ஒன்று சும்மா கிடக்கிறது. எங்கள் ஊரில் காலி நாற்காலி என்றால் உட்காருவதற்கு. உட்கார்ந்துவிட்டாள்.

"பஸ் ஸ்டாப்புல ஒக்காந்திருந்தனே, தெரியுமா உனக்கு?" என்றான் நவநீதன், கண்ணைத் திறக்காமல்.

"தெரியும்" என்றது நாற்காலி.

நவநீதன் கண்ணைத் திறந்தான். எழுந்து ஓடிவிடுவான் என்று நான் நினைத்தேன். ஓடவில்லை.

"நீ எதுக்கும்மா இதுல ஒக்காந்தே?"

"சும்மாத்தானே கெடந்துச்சு. ஏன், வேற ஆருக்காச்சும் போட்டு வெச்சயா?"

"உனக்குத்தான் போட்டேன்."

"அப்பறம் என்ன, கேளு. கேக்கோணும்னுதான நாப்பது வருசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே."

பண்ணைக் குழாயடியில் தண்ணீர் டேங்க் கழுவிக்கொண்டிருந்த மைதிலி குழாயை நிறுத்தினாள்.

"என்னைய ஏன் கூட்டிட்டுப் போகல?"

ஆத்தாயி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்கண்ணன் பொண்டாட்டிக்குக் காமாலை. பொழைக்கறதே செரமம்னு சொல்லியுட்டாங்க. கைக்கொழந்தையப் பாக்க ஆளில்ல. ஒன்னையும் கூட்டிட்டுத்தான் கெளம்புனேன். உங்கப்பன் உடல. பையன் இங்க இருந்தாத்தான் நீ திரும்பி வருவே, இல்லீன்னா நீ அண்ணன் ஊட்டோட இருந்துக்குவேன்னான். உன்னப் புடிச்சு வெச்சுக்கிட்டான். நீ அழுவயேன்னு சந்தைக்குப் போறேன்னு பொய் சொன்னேன். பத்து மாசம். போனு ஏது அப்ப?"

"அப்பன் புடிச்சு வெச்சாரா?"

"ஆமா. அவனுக்கு எம்மேல நம்பிக்கை கெடையாது. சந்தேகக் கெரகம். உங்கப்பனுக்கு அவங்கப்பன் குடுத்தது. நீ என்னமோ புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி கேமரா வெச்சிருக்கறே."

நவநீதன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஆறு வயதுக் குரலில் ஒன்று கேட்டான்.

"அந்தக் கிண்ணத்துல ஏன் அவளுக்கு ஊட்டுனே?"

"எந்தக் கிண்ணம்?"

"பருப்புஞ்சோத்துக் கிண்ணம். அது என்ற கிண்ணம்."

 ஆத்தாயி நாற்காலியிலிருந்து குனிந்து மகன் தலையில் கை வைத்தாள். "உன்ற நெனப்பு வரும்னு எடுத்துட்டுப் போனேன் சாமி. வேற என்னத்த எடுத்துட்டுப் போக முடிஞ்சுது?"

குழாயடியிலிருந்து மைதிலி ஈரக்கையோடு வந்து நின்றாள். "அப்ப இத்தன வருசமா எம்மேலதான் கோவமா? ஒன்றரை வயசுல ஆரு மடி காலியா இருக்குதுன்னு பாத்தா நா ஒக்காந்தேன்?"

"எனக்கே போன மாசந்தான் தெரியும் புள்ள" என்றான் நவநீதன்.

அடுத்த வியாழன் நடந்ததைக் கேட்டு கௌசியா, "நான் அப்படிச் செய்யச் சொல்லலையே" என்று மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை மூக்கைச் சிந்தினார். அப்புறம் ஒரு சின்ன அட்டை எழுத வைத்தார். காவல்காரன் வேலைக்கு வரும்போதெல்லாம் அதை எடுத்துப் படிக்க வேண்டும். 'இப்போது வருவது ஆறு வயதுப் பையனின் பயம். மைதிலி சந்தைக்குப் போகவில்லை. போகிற இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் போகிறாள். பையனை நான் பார்த்துக்கொள்கிறேன். அவளைக் காவல் பார்க்க வேண்டியதில்லை.' கடைசி இரண்டு வரி நவநீதன் சொந்தமாகச் சேர்த்தது. மாசியில் கேமராவைக் கழற்றினான். பங்குனியில் மாதையனுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தான். பயந்துபோன அவர் அதைக் குடிக்காமல் லாரி ரேடியேட்டரில் ஊற்றிவிட்டுப் போனார்.

மே எட்டாந்தேதி வந்தது. காலை ஏழு மணிக்கு மைதிலி பச்சைச் சேலை கட்டி, பூ வைத்துப் புறப்பட்டாள். வாசலில் நின்று, "ஏனுங்க மாமா, போயிட்டு வாரேன்" என்றாள். வாரேன் என்பதை அழுத்தியும் சொல்லவில்லை, விட்டும் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் பயமாக இருந்தது என்று நவநீதன் என்னிடம் சொன்னான்.

அன்றைக்கு வெயில் எப்படியென்றால், கோழி இட்ட முட்டை தட்டில் உருளும்போதே அவிந்துவிட்டது. கோழி சாகாமல் இருக்க நவநீதன் கூரைமேல் சாக்கை விரித்து மணிக்கொரு தடவை தண்ணீர் பாய்ச்சினான். போனைத் தீவன மூட்டைக்குள் புதைத்து வைத்தான், கை போகக் கூடாதென்று. பத்து மணிக்கு அட்டையைப் படித்தான். பத்தே காலுக்குப் படித்தான். பதினொரு மணிக்கு வேர்வையில் எழுத்து அழிந்துவிட்டது, மனப்பாடமாகச் சொன்னான். பன்னிரண்டு மணிக்குச் செருப்புப் போடாமல் பஸ் ஸ்டாப் வரை போய்விட்டான். நாமக்கல் பஸ் வந்து நின்றது. கண்டக்டர், "ஏறுங்கண்ணா" என்றான். நவநீதன் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான். அப்புறம் காலை எடுத்துக்கொண்டு, "இல்லீங்க, பையன் ஒருத்தன் இங்க ஒக்காந்திருப்பான், கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். தார்ரோடு கால் சுட்டது. வழியில் கடையில் பொரி வாங்கினான். களத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவனே தின்றான்.

ஐந்து மணி பஸ்ஸில் அவள் வரவில்லை. ஆறு மணி பஸ்ஸிலும் வரவில்லை. ஆத்தாயி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி மூடி வைத்துவிட்டு மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் ரோட்டைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு மணி பஸ்ஸிலிருந்து பச்சைச் சேலை இறங்கியது.

நவநீதன் எழுந்தான். மைதிலி நேராக வந்து, கைப்பையை அவன் கையில் திணித்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

"உசுரோடதான் இருக்கறீங்களா?"

"ஏன் புள்ள?"

"காத்தால ஏழு மணிக்குப் போனவ. ஒரு போனு? ஒரே ஒரு போனு? அவளுகளுக்கெல்லாம் அவங்கவங்க ஊட்டுக்காரரு நாலு நாலு தடவ கூப்புடறாங்க. சோறு உண்டயா, பஸ் ஏறுனயான்னு. நா ஒருத்தி போன மடில வெச்சுட்டு ஒக்காந்திருக்கறேன். அந்தச் சுகன்யா கேக்கறா, ஏண்டி உன்ற ஊட்டுக்காரரோட பேச்சு இல்லையான்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"நீதான பொல்லாப்பு வேண்டான்னே."

"பொல்லாப்பு வேண்டான்னேன். போனே வேண்டான்னனா?"

நவநீதன் தலையைச் சொறிந்தான். "கூப்புடோணும்னுதான் இருந்துச்சு. பொறாமையாத்தான் இருந்துச்சு, இல்லீங்கல. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டேன். அப்பறம் அந்தப் பையன ஒக்கார வெச்சுப் பேசிட்டு இருந்தேன்."

"அது அந்தக் கௌசியா சொல்லிக் குடுத்ததா?"

"ஆமா."

"வாரா வாரம் ஒரு மணி நேரம் அவகிட்டப் போய் அழுவறீங்க. இருவத்தொரு வருசத்துல என்ற முன்னால ஒருக்காலாச்சும் அழுதிருக்கறீங்களா?"

அவன் கைப்பையின் வாரை முறுக்கினான். மைதிலி ஒரு காலை மாற்றி நின்றாள்.

"எத்தன வயசிருக்கும் அவளுக்கு?"

"கேக்கலயே."

"பாக்க எப்படி இருப்பா?"

"பாக்கறதுன்னா… நா கண்ண மூடிட்டுத்தான ஒக்காந்திருப்பேன்."

"பத்து மாசமாப் போறீங்க. இது கூடவா தெரியாது?" சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "வர்ற வியாழக்கெழம நானும் வாரேன்."

ஆத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சோறு போட எழுந்து போனாள். மூடியிருந்த வாயிலிருந்து சிரிப்பு கசிந்தது. முதலில் நவநீதன் சிரித்தான். அவனைப் பார்த்து, அவன் முன்னால் நின்றுகொண்டே, மைதிலிக்கும் சிரிப்பு வந்தது. பண்ணையில் நாலாயிரம் கோழியும் அந்தச் சத்தத்தில் விழித்து, அன்றைக்கு இரண்டாவது முட்டையை இட்டன.

வியாழக்கிழமை இருவரும் சேலம் பஸ் ஏறினார்கள். மைதிலி பட்டுக்கரை போட்ட சேலை உடுத்தியிருந்தாள்.

கற்பூரம் அணைத்த கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.